விதைக்கு வெந்நீர், மண்ணுக்குத் தவிடு: ஜப்பானிய வயல்களில் மருந்தில்லாமல் பயிர்நோயைத் தடுக்கும் முறைகள்

ஜப்பானில் நெல் விதைநேர்த்தி மருந்தின் இடத்தை வெந்நீர் பிடித்ததற்கு நோய் மட்டும் காரணமல்ல. விதையை ஊறவைத்த பிறகு மிஞ்சும் மருந்துக் கரைசலை எங்கே கொட்டுவது என்பது நாற்றுப் பண்ணைகளுக்குத் தீராத சிக்கலாக இருந்தது. அதோடு, ரசாயன மருந்தையும் ரசாயனத் தழைச்சத்தையும் அந்த வட்டாரத்தின் வழக்கமான அளவில் பாதிக்கோ அதற்குக் கீழேயோ கொண்டுவந்தால் 'சிறப்புச் சாகுபடி' என்று குறிப்பிட்டு அரிசியை விற்க அங்கே வழி உண்டு. வெந்நீர் அந்த மருந்துக் கணக்கில் சேராது.

கீழே உள்ள முறைகளில் மருந்தின் வேலையைச் செய்பவை சூடு, காற்றில்லாத மண், இரவு விளக்கு, வேறொரு நுண்ணுயிர். இவற்றில் கைக்கணக்கு உதவாது. மருந்துக் கரைசல் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வெந்நீர் இரண்டு டிகிரி குறைந்தால் நோய்க்கிருமி பிழைத்துவிடும், இரண்டு டிகிரி கூடினால் முளைப்புத்திறன் விழும். மருந்து வாங்கும் காசில் ஒரு பங்கை முதலில் நல்ல வெப்பமானிக்குச் செலவிடுங்கள்.

நெல் விதைக்கு வெந்நீர்

அடிப்படை அளவு: 60 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம், அல்லது 58 டிகிரியில் 15 நிமிடம். முடிந்ததும் உடனே குளிர்ந்த நீர். குலைநோய், பழுப்புப் புள்ளி நோய், நாற்றழுகலை உண்டாக்கும் பாக்டீரியாக்கள், வெண்நுனி நூற்புழு, பக்கானே ஆகிய விதைவழி நோய்கள் இதில் கட்டுப்படும். பக்கானே தாக்கிய நாற்று வெளிறி, பக்கத்து நாற்றுகளைத் தாண்டி ஒல்லியாக உயர்ந்து, பிறகு காய்ந்துபோகும். ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கி முதலில் கண்டறியப்பட்டது இந்த நோயின் பூஞ்சையிலிருந்துதான்.

இது பலிப்பதற்குக் காரணம், காய்ந்த விதையின் கரு பத்து நிமிடச் சூட்டைத் தாங்கும் என்பதே. நனைந்து ஊறிய கரு தாங்காது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் பதரைப் பிரியுங்கள். உப்புக்கரைசலில் நெல்லைப் போட்டு மிதப்பதை நீக்கும் முறையை யோகோய் டோகியோஷி 1882-ல் ஃபுகுவோகாவில் வகுத்தார். அடர்த்தி எண் சாதாரண ரகத்துக்கு 1.13, ஒட்டரிசி ரகத்துக்கு 1.08. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ உப்பு போட்டால் 1.13 வரும். நம் ஊரில் முட்டையை மிதக்கவிட்டு உப்பு பார்ப்பதும் இதே கணக்குதான். முட்டை பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தால் கரைசல் தயார். மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இனி கடிகாரத்தைப் பாருங்கள். விதை நனைந்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வெந்நீரில் இறங்கியாக வேண்டும். அதற்குள் முடியாதென்றால் நன்றாக உலர்த்திவிட்டு இன்னொரு நாள் செய்யுங்கள். காலையில் உப்புநீர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீர் என்று பிரித்துக்கொண்டால் முளைப்பு கண்டிப்பாகக் குறையும்.

விதையைத் துளை பெரிதான வலைப்பையில், பையின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல், தளர்வாக நிரப்புங்கள். ஜப்பானில் பைக்கு 4 கிலோ போடுவது வழக்கம். இறுக்கிக் கட்டிய பையில் வெளி விதை வெந்துகொண்டிருக்கும்போது நடுவிதை இன்னும் 50 டிகிரியைக்கூடத் தொட்டிருக்காது.

தண்ணீர் அளவு அடுத்த முக்கியமான விஷயம். குளிர்ந்த விதை உள்ளே போனதும் தொட்டியின் சூடு இறங்கும். ஒரு கிலோ விதைக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வைத்தால், 15 டிகிரியில் இருந்த விதை சூட்டை ஏறக்குறைய இரண்டு டிகிரி கீழே இழுத்துவிடும்; நேர்த்தியைக் கெடுக்க அதுவே போதும். கிலோவுக்கு 20 முதல் 25 லிட்டர் வைத்தால் இறக்கம் ஒரு டிகிரிக்குள் நிற்கும். சூடாக்கியும் நீரைச் சுற்றவிடும் பம்பும் கொண்ட தொட்டிகள் ஜப்பானில் விற்கின்றன. அது இல்லாதவர்கள் பெரிய அண்டாவில் செய்யலாம், ஆனால் ஒருமுறைக்கு ஒரு சிறு பைதான்.

பையை இறக்கிய முதல் ஒரு நிமிடம் மேலும் கீழுமாக ஆட்டி அமுக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். வெப்பமானியின் முனை தொட்டியின் ஓரத்தில் இருக்கக் கூடாது. பையின் நடுவில் செருகியிருக்க வேண்டும். மலிவான டிஜிட்டல் வெப்பமானிகள் ஒரு டிகிரி தவறாகக் காட்டுவது சகஜம் என்பதால் இரண்டை ஒன்றாக வைத்து ஒப்பிடுங்கள். பத்து நிமிடம் ஆனதும் எடுத்து, ஓடும் குளிர்ந்த நீரில் போட்டுப் பையின் நடுப்பகுதி வரை குளிரும்படி புரட்டுங்கள். வெளியே எடுத்து அடுக்கி வைத்தாலும் உள்சூடு அடங்காது, விதை வெந்துகொண்டேதான் இருக்கும்.

ஒட்டரிசி ரகங்களும் பழைய விதையும் சூட்டுக்கு இளைத்தவை. டோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது: விதையின் ஈரப்பதத்தை முன்கூட்டியே 10 சதவீதத்துக்குக் கீழே உலர்த்திவிட்டால் 65 டிகிரியில் 10 நிமிடம்கூடத் தாங்குகிறது. சூடு கூடும்போது பக்கானே இன்னும் நன்றாக அடங்குகிறது. இந்த அளவுகளெல்லாம் ஜப்பானிய ரகங்களில் பார்த்தவை. பொன்னி, சீரகச் சம்பா போன்றவற்றில் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் நூறு விதையை நேர்த்தி செய்தும் நூறு விதையைச் செய்யாமலும் முளைக்கவிட்டு ஒப்பிடுங்கள். முளைப்பில் வித்தியாசம் தெரிந்தால் 58 டிகிரிக்கு இறங்குங்கள்.

வெந்நீர் கண்ட விதையில் நோய்க்கிருமியோடு நல்ல கிருமியும் போய்விடும். மருந்து போல மேலே ஒட்டிக்கொண்டு காப்பதற்கும் எதுவும் இருக்காது. முதலில் வந்து சேரும் பூஞ்சைக்கு அங்கே போட்டியே இல்லை. அதனால்தான் ஜப்பானிய வழிகாட்டிகள் விதை வேலை நடக்கும் கொட்டகையில் வைக்கோல், உமி, தவிடு எதையும் வைக்க வேண்டாம் என்று வலியுறுத்துகின்றன. பக்கானே வித்துகள் அந்தத் தூசியில் இருக்கும். நேர்த்திக்கு முன் விதை இருந்த சாக்கிலேயே திரும்பக் கொட்டுவது செய்த வேலையை அழிப்பதற்குச் சமம். உடனே ஊறப்போடுவதே நல்லது. சேமிக்க வேண்டுமென்றால் 14 சதவீத ஈரத்துக்கு உலர்த்திச் சுத்தமான பையில் வையுங்கள்.

ஊறவைக்கும் தண்ணீரின் வெப்பத்தையும் நாள்களையும் பெருக்கினால் 100 வர வேண்டும் என்பது ஜப்பானியக் கணக்கு: 10 டிகிரியில் பத்து நாள், 15 டிகிரியில் ஏழு நாள். அதன்பின் 30 டிகிரியில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்து, முளை ஒரு மில்லிமீட்டர் வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் விதைப்பார்கள். அந்த ஒரு நாள்தான் மிக ஆபத்தான கட்டம், ஏனென்றால் 30 டிகிரி ஈரம் கிருமிக்கும் பிடிக்கும். ஒரே நீரைத் திரும்பத் திரும்பத் தெளிக்கும் முளைப்பு இயந்திரத்தில் நோயுள்ள ஒரு பை இருந்தால் எல்லாப் பைக்கும் பரவும். காலியான இடத்தை நல்ல கிருமியால் நிரப்ப, ட்ரைக்கோடெர்மா தயாரிப்பை 200 மடங்கு நீர்த்து, முளைகட்டும் நேரத்தில் 24 மணி நேரம் ஊறவைப்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் ட்ரைக்கோடெர்மா வேறு வகை, அதன் அளவு அதன் உறையில் உள்ளபடிதான்.

மண்ணின் மூச்சை அடைத்தல்

வாடல் நோய் மண்ணில் குடியேறிவிட்டால் விதைநேர்த்தி எதுவும் செய்யாது. நாரா மாகாணத்தில் 1970-களில் ஸ்ட்ராபெரி வளரும் பசுமைக்குடில்களை மூடி, கோடை வெயில் சூட்டாலேயே மண்ணைச் சுத்தம் செய்யும் முறையை உருவாக்கினார்கள். அதற்கு மண் 40 டிகிரிக்கு மேல் பல நாள் நிற்க வேண்டும். குளிர்ந்த ஹொக்கைடோவில் அது நடக்காது. அங்கே வெங்காயத்தாளில் ஃபுசேரியம் என்ற மண் பூஞ்சையால் வந்த வேரழுகலுக்காக வேறொரு வழி பிறந்தது: மண்ணில் தவிட்டைக் கலந்து, தண்ணீரால் நிறைத்து, மூடிவிடுவது. இதற்கு 30 டிகிரி போதும்.

தவிட்டைத் தின்று பெருகும் பாக்டீரியாக்கள் மண்ணிலுள்ள ஆக்சிஜனைச் சில நாளில் காலி செய்துவிடும். பிறகு காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் எழுந்து அசிட்டிக், பியூட்ரிக் அமிலங்களை வெளியிடும். மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரையும் வடிவத்துக்கு மாறும். மூச்சடைப்பு, அமிலம், உலோகம் மூன்றும் சேர்ந்து ஃபுசேரியம், வெர்ட்டிசிலியம், பாக்டீரியா வாடல், நூற்புழு ஆகியவற்றை ஒடுக்குகின்றன. சூடு இங்கே கொல்வதில்லை. தவிடு புளிக்க உதவுகிறது, அவ்வளவே.

அளவு 1,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 25 சென்டுக்கு, ஒரு டன் அரிசித் தவிடு அல்லது கோதுமைத் தவிடு. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. இதைப் பாதியாகக் குறைத்தால் பலன் பாதியாகாது. பெரும்பாலும் இல்லாமலே போகும், ஏனென்றால் ஆக்சிஜன் முழுதாகத் தீராது.

1. பழைய பயிரை வேரோடு பிடுங்கி வெளியேற்றுங்கள். தடித்த வேருக்குள் இருக்கும் கிருமியை இந்த முறை எட்டாது.

2. மண் காய்ந்திருக்கும்போது தவிட்டைச் சீராகத் தூவி, உடனே ரோட்டவேட்டரால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம்வரை இரண்டு முறை ஓட்டுங்கள். ஈர மண்ணில் தவிடு உருண்டை கட்டிவிடும்.

3. நிலத்தை மட்டப்படுத்துங்கள். மேடான இடத்தில் காற்று மிஞ்சும், அந்த இடத்தில்தான் அடுத்த பருவத்தில் முதல் செடி வாடும்.

4. சொட்டுநீர்க் குழாயை நெருக்கமாகப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் புதையுங்கள். ஓட்டையுள்ள பழைய தாள் வேண்டாம்.

5. சதுர மீட்டருக்கு 100 முதல் 150 லிட்டர் தண்ணீர் விடுங்கள். மிதித்தால் கால் புதைந்து நீர் ஊறி வர வேண்டும். தவிடு கலந்த அன்றே இதை முடியுங்கள். ஒருநாள் தள்ளினால் தவிட்டின் வீரியம் காற்றில் புளித்தே வீணாகும்.

6. குடிலை முழுதாக மூடி 20 நாள் விடுங்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் 30 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது.

நான்கைந்து நாளில் தாளின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சாக்கடை நாற்றம் வந்தால் சரியாகப் போகிறது. மண் சாம்பல் கலந்த நீலநிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். டைப்பிரிடில் கரைசலை ஒரு கைப்பிடி மண்ணில் தெளித்துச் சிவந்தால் இரும்பு மாறிவிட்டது என்று உறுதி. நாற்றமே இல்லையென்றால் தண்ணீர் பற்றவில்லை என்று பொருள்; உடனே தாளுக்கடியில் மறுபடி பாய்ச்சுங்கள். மணற்பாங்கான நிலத்தில் நீர் நிற்காது, அங்கே நடுவில் ஒருமுறை கூடுதலாகப் பாய்ச்ச வேண்டியிருக்கும். குடிலின் சுவரோரமும் தூண் அடியும் எப்போதும் குளிர்ந்தும் காய்ந்தும் இருக்கும். அங்கே தவிட்டையும் நீரையும் கையால் கூடுதலாகப் போடுங்கள். தோற்ற நிலங்களைப் பார்த்தால் நோய் பெரும்பாலும் இந்த ஓரங்களிலிருந்துதான் திரும்பி வந்திருக்கும்.

20 நாள் ஆனதும் தாளை எடுத்து, நீர் வடிந்த பிறகு இரண்டு மூன்று முறை உழுது காற்று புகவிடுங்கள். தவிடு கலந்த ஆழத்தைத் தாண்டி உழாதீர்கள், கீழே தொடப்படாத மண் கிருமியோடு மேலே வரும். நாற்றம் முழுதாக நீங்கும்வரை நடக் கூடாது. ஒரு டப்பாவில் அந்த மண்ணைப் போட்டு முள்ளங்கி விதை தூவிப் பாருங்கள். வேர் பழுக்காமல் வெள்ளையாக இறங்கினால் நடலாம்.

உரக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு டன் தவிட்டில் 20 கிலோ அளவுக்குத் தழைச்சத்து இருக்கிறது. வழக்கமான அடியுரத்தையும் அதன்மேல் போட்டால் செடி இலையாக மதர்க்கும். அதோடு, காற்றில்லாத மண்ணில் தழைச்சத்து அம்மோனியமாகத் தங்கிவிடும். அது கால்சியம் ஏறுவதைத் தடுப்பதால் தக்காளியில் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். மண்ணைச் சோதித்துவிட்டுத்தான் அடியுரம்.

தவிட்டின் வேலை கலந்த ஆழத்தோடு நின்றுவிடும். தக்காளியின் பாக்டீரியா வாடல் கிருமியோ அரை மீட்டர் ஆழத்திலும் இருக்கும். அதற்குக் கரும்பு ஆலைக் கழிவுப்பாகைத் தண்ணீரில் 0.6 சதவீதம் கரைத்து, சதுர மீட்டருக்கு 150 லிட்டர் சொட்டுநீர்க் குழாய் வழியே இறக்குவார்கள். நீர் போகும் ஆழம்வரை சர்க்கரையும் போகும். முடிந்ததும் வெறும் நீரை ஓடவிட்டுக் குழாயை அலசாவிட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும். பாகுக்குப் பதில் ஒரு சதவீதத்துக்குக் குறைவான எத்தனால் கரைசலும் உண்டு. சுகுபாவிலுள்ள வேளாண் சூழல் ஆய்வு நிறுவனம் மேம்படுத்திய முறை அது. சீராகப் பரவும், தழைச்சத்தும் ஏறாது, செலவுதான் அதிகம். மூன்றில் எதைச் செய்தாலும் அடுத்த நாற்று சுத்தமாக இல்லையென்றால் பயனில்லை. போட்டி குறைந்த மண்ணில் ஒரு நோய் நாற்று முன்பைவிட வேகமாகப் பரப்பும். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் உள்ளே வராதீர்கள்.

குடிலின் காற்றிலும் வெளிச்சத்திலும்

குளிர்காலத் தக்காளிக் குடிலில் சாம்பல் நிறப் பூசணத்துக்கு மருந்து தெளிப்பதில் ஒரு முரண் உண்டு: தெளிக்கும் நீரே ஈரத்தைக் கூட்டிப் பூசணத்துக்கு உதவுகிறது. ஜப்பானில் இதற்கு பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற நல்ல பாக்டீரியாவின் தூளை நீரில் கரைக்காமல் சூடேற்றியின் காற்றுக்குழாய்க்குள் போடுகிறார்கள். 1,000 சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம். மாலையில் சூடேற்றியின் விசிறி ஓடத் தொடங்கும் முன், குழாயின் தொடக்கத்தில் தூளை இடுங்கள். இரவெல்லாம் வெதுவெதுப்பான காற்று அதைக் குடில் முழுதும் கொண்டுபோகும். பூசணம் முதலில் பிடிப்பது வாடிய பூவிதழை என்பதால், அங்கே பாசில்லஸ் முன்பே உட்கார்ந்திருக்க வேண்டும். நோய் தெரிந்த பிறகு தொடங்கினால் பலிக்காது. சூடேற்றி ஓடாத வெப்ப நாள்களில் தூள் குழாய்க்குள்ளேயே கிடக்கும்.

இலைமேல் வெள்ளைப் பொடியாகப் படியும் ஸ்ட்ராபெரியின் சாம்பல் நோய்க்கு ஹியோகோ மாகாணமும் பானாசோனிக்கும் சேர்ந்து உருவாக்கிய வழி, செடிக்கு மேலே தொங்கும் புற ஊதா-பி விளக்கு. இந்த ஒளி செடியின் தற்காப்பைத் தூண்டுகிறது. விளக்கைப் பகலில் போட்டுப் பயனில்லை, புற ஊதா செய்யும் சேதத்தைப் பூஞ்சைகள் பகல் வெளிச்சத்தின் உதவியால் சரிசெய்துகொள்ளும். எனவே நள்ளிரவில் மூன்று மணி நேரம் எரியவிட்டு, விடிவதற்குள் போதிய இருட்டு இருக்கும்படி நேரக்கருவியை வையுங்கள். இலைகள் ஒன்றையொன்று மூடும் முன்பே தொடங்க வேண்டும். இலைக்கடியில் ஒளி திருப்பும் தாள் விரித்தால் சிலந்திப்பேனும் குறையும். விளக்குக்கு மிக அருகே உள்ள இலைகள் சுருண்டு கருகும், ரகத்துக்கு ரகம் தாங்கும் அளவும் மாறும். எரியும்போது குடிலுக்குள் ஆள் இருக்கவே கூடாது. கண்ணும் தோலும் கெடும்.

ஷிகோகு ஆய்வு நிறுவனத்தின் பச்சை விளக்கு இதைவிட மென்மையானது. ஸ்ட்ராபெரி நாற்றின் ஆந்த்ராக்னோஸுக்கு மூன்று இரவுக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் போடுவார்கள். நோய் வந்த நாற்றை இது குணப்படுத்தாது.

சுரைக்கொடிக்குத் துணையாக வெங்காயத்தாள்

ஜப்பானில் காய்ந்த சுரைச்சீவல் பெரும்பகுதியும் டோச்சிகி மாகாணத்தில் விளைகிறது. அங்கே சுரையோடு நெகி எனும் நீண்ட வெங்காயத்தாளைச் சேர்த்து நடும் பழைய பழக்கம் உண்டு. அதே மாகாணத்தில் செய்த ஆய்வில், நெகியின் வேரில் வாழும் பர்க்ஹோல்டெரியா கிளாடியோலி என்ற பாக்டீரியா சுரையின் ஃபுசேரியம் வாடலை அடக்குவது தெரிந்தது.

பக்கத்தில் ஒரு வரிசை நட்டால் போதாது. நடவுக் குழியிலேயே ஒன்றிரண்டு நெகி நாற்றை வைத்து, அதன் வேர்மேல் சுரை நாற்றின் வேர்க்கட்டு படும்படி நடுங்கள். இரண்டு வேரும் பின்னிக்கொண்டால்தான் பாக்டீரியா மாறிச் செல்லும். சுரை, வெள்ளரி, தர்ப்பூசணி போன்ற மேல்வேர்ப் பயிருக்கு நெகி பொருந்தும். தக்காளி, கத்தரிக்கு அதைவிட ஆழம் போகும் நிரா என்ற பூண்டுத்தாளை வைப்பார்கள். நெகி உயரமாகிக் கொடியை மறைத்தால் தாளை மட்டும் அறுத்து எடுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள். ஏற்கெனவே பாதிக் கொடி வாடிய நிலத்தில் இது மட்டும் போதாது. அங்கே முதலில் தவிட்டு முறையில் மண்ணைத் திருத்திவிட்டு, அடுத்த நடவிலிருந்து நெகியைச் சேருங்கள்.